மணல் வளவில் ஒரு விளையாட்டுக் கோபுரம்: ஓகஸ்ட் விடுமுறைக்கு ஒரு வேலை

சித்திரை வருடப்பிறப்புக்கு வேம்பில் ஊஞ்சல் கட்டினால் அதை அவிழ்ப்பது பெரும்பாடு. எங்கள் வீட்டில் அது ஆனி மாதம் வரையும் தொங்கியது. கயிறு இற்றுப்போய் ஒரு பக்கம் அறுந்த அன்று மூத்தவள் கேட்டாள்: "அப்பா, உண்மையா நிக்கிற மாதிரி ஒண்டைக் கட்டினா என்ன?" அவளுக்கு அப்போது பதினொரு வயது, தம்பிக்கு ஆறு. நான் தச்சன் இல்லை. வாளைப் பிடித்தால் நேராக அறுக்கத் தெரியாத ஆள். அப்படியிருந்தும் ஒரு ஓகஸ்ட் மாதத்தில் கட்டி முடித்தோம். திருகோணமலை உப்புவெளிப் பக்கம் எங்களைப்போல மணல் வளவில் இருப்பவர்களுக்காக, செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் 5 வயது முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். நாங்களும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் மறிக்கவில்லை. ஆனால் கொரோனாக் காலத்திலும், பிறகு 2022 எரிபொருள் தட்டுப்பாட்டிலும் பள்ளிக்கூடம் பூட்டியபோது வீட்டில் படிப்பிக்கப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் விடுமுறைகளிலும் தொடர்கிறது. இந்த வேலையிலும் படிப்பு இருக்கிறது, ஆனால் "இப்போது கணக்குப் பாடம்" என்று மணி அடிக்காதீர்கள். கணக்குப் பிழைத்தால் பலகை பொருந்தாது. அதைவிட யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஏன் ஓகஸ்ட்? டிசம்பர் விடுமுறை நல்ல மாரி, குழி வெட்டினால் கிணறாகிவிடும். ஏப்ரல் விடுமுறை குறுகியது, அதுவும் கொண்டாட்டத்தில் போய்விடும். ஓகஸ்டில் கச்சான் காற்று வீசும், நிலம் காய்ந்திருக்கும், மரமும் ஈரம் விட்டிருக்கும். ஒரே தொல்லை வெயில். காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு நிறுத்துங்கள். பிறகு நாலரைக்கு மேல்.

இடம் பார்த்தல்

தென்னையின் கீழ் வேண்டாம். தேங்காய் விழும், மட்டை விழும். எங்கள் வளவில் தென்னை இல்லாத மூலையைத் தேடவே ஒரு நாள் போனது. மின்கம்பி மேலே போகிற இடமும், மலகூடக் குழிக்கு மேலுள்ள இடமும் வேண்டாம். கிணற்றுக்கட்டு பக்கத்தில் இருந்தால் முதல் வேலை அதற்கு மூடி போடுவதுதான்.

கோபுரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடி வெறும் நிலம் இருக்க வேண்டும். மதில், கல், வேர் எதுவும் அதற்குள் வரக்கூடாது. ஊஞ்சலுக்கு இது போதாது. கயிறு கட்டும் சட்டத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு முன்னுக்கும், அதே அளவு பின்னுக்கும் விட வேண்டும். 7 அடி உயரச் சட்டமென்றால் முன்னுக்கு 14, பின்னுக்கு 14. சின்ன வளவென்றால் ஊஞ்சலை விட்டுவிடுங்கள், கோபுரமே போதும்.

சறுக்குப் பலகை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? வடக்குப் பார்க்க வைத்தால் வெயில் படாது என்று மேல்நாட்டு வழிகாட்டிகளில் படித்திருப்பீர்கள். இங்கே அது சரிவராது. திருகோணமலை வடக்கு அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறது. சூரியன் வருடப்பிறப்பை ஒட்டி நம் உச்சிக்கு நேரே வரும், பிறகு ஓகஸ்ட் கடைசிவரை மதிய வெயில் வடக்குப் பக்கத்தால்தான் விழும். இதைச் சோதிப்பது சுலபம். ஏப்ரல் 12, 13இலோ ஓகஸ்ட் 30 அளவிலோ, மதியம் 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில், நேராக நட்ட ஒரு தடியைப் பாருங்கள், நிழல் காணாமல் போய்விடும். சின்னவன் தடியைச் சுற்றிச் சுற்றி நிழலைத் தேடினான். கடைசியில் நாங்கள் பலகையைக் கிழக்குப் பார்க்க வைத்தோம். பிள்ளைகள் விளையாடுவது பின்னேரம், அப்போது வெயில் மேற்கே போய் வீட்டு நிழல் அதன்மேல் விழுகிறது.

கொப்பியும் அடிமட்டமும்

முதல் நான்கு நாளும் வெறும் வரைதல். சின்னவனுக்குக் கப்பல் வேண்டும், துறைமுகத்துக்குள் வருகிறதைப்போல. மூத்தவளுக்கு மேலே இருந்து படிக்க ஒரு தட்டு வேண்டும். எனக்குச் செலவு குறைய வேண்டும். கடைசியில் ஒத்துக்கொண்டது: நான்கு தூண், 4 அடி உயரத்தில் ஒரு தளம், மேலே கிடுகுக் கூரை, ஒரு ஏணி, ஒரு சறுக்கு, பக்கத்தில் ஒற்றை ஊஞ்சல். கப்பலுக்குச் சமாதானமாக ஒரு சில்லு சுக்கானாக நின்றது.

உயரம் ஏன் 4 அடி? அதைப் பலகைதான் முடிவு செய்தது. பிளைவூட் தகடு 8 அடி நீளம். சறுக்கின் சரிவு 30 பாகையைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வேகம் கூடிப் பிள்ளை நிலத்தில் மோதும். 30 பாகையில் 8 அடிப் பலகை சரியாக 4 அடி இறங்கும், ஏனென்றால் சைன் 30 என்பது அரை. பதினொரு வயதுப் பிள்ளைக்குத் திரிகோண கணிதம் வேண்டாம். கடதாசியில் பாகைமானியால் 30 பாகை வரைந்து, 8 சென்ரிமீற்றர் நீளக் கோடு போட்டு, உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். 4 வரும். பலகையின் நுனி மணலுக்கு மேலே 8 அங்குலம் நிற்கும்படி வைத்தால் சரிவு 25 பாகை அளவுக்குக் குறையும். அதுவே நல்லது.

எங்கள் பெரிய பிழையும் இங்கேதான். மகள் படத்தைச் சென்ரிமீற்றரில் போட்டாள்: தளம் 120க்கு 150. பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே பழக்கம். மரக்காலையிலோ எல்லாம் அடியும் அங்குலமும், "நாலுக்கு ரெண்டு", "நாலுக்கு நாலு". நான் 150ஐ 5 அடி என்று சொல்லி அறுப்பித்து வந்தேன். 5 அடி 152.4 சென்ரிமீற்றர். பலகைகள் எல்லாம் 2.4 சென்ரிமீற்றர் நீண்டு நின்றன. "அப்பா, நீங்கள் மாத்தாமலே வாங்கினீங்கள்" என்று அவள் கொப்பியைக் காட்டினாள். இரண்டு பக்கமும் 1.2 விட்டுச் சமாளித்தோம். நீங்கள் முதல் பக்கத்திலேயே ஒரு மாற்று அட்டவணை போட்டு வையுங்கள்: 1 அங்குலம் 25.4 மில்லிமீற்றர். கோபுரம் முழுவதையும் ஒரே அலகில் எழுதுங்கள். என்னைக் கேட்டால் அடிக்கணக்குத்தான், மரக்காலை உங்களுக்காக மாறப்போவதில்லை.

மரமும் இரும்பும்

தூணுக்கு 4 அங்குலம் சதுரமான 12 அடி மரம் நான்கு: 3 அடி மண்ணுக்குள், 4 அடி தளம்வரை, 5 அடி கூரைக்கு. முதிரை, பாலை போன்ற வன்மரங்கள் கறையானுக்கு இலகுவில் விழாது, ஆனால் விலை அழவைக்கும். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையும் நல்லது. இளம் பனை உள்ளே சோறாக இருக்கும், இரண்டு மாரி தாங்காது. மரம் எங்கே வாங்கியது என்று யாரும் கேட்டால் காட்ட ரசீதைக் கையில் வைத்திருங்கள். மண்ணுக்குள் போகும் பாகத்துக்குத் தார் பூசுங்கள். சிலர் வாகனக் கழிவு ஒயிலைப் பூசுவார்கள். பிள்ளைகள் தொட்டுப் பிடிக்கிற மரத்துக்கு அதை நான் பூச மாட்டேன்.

கடலுக்குப் பக்கத்தில் சாதாரண ஆணியை நம்ப வேண்டாம். உப்புக்காற்று தின்றுவிடும், பிறகு ஆணித்தலை மட்டும் கையைக் கிழிக்கக் காத்திருக்கும். பாரம் தாங்கும் மூட்டு எல்லாவற்றுக்கும் நாகம் (சிங்க்) பூசிய அரை அங்குலப் போல்ட்டும் இரண்டு பக்கம் வாஷரும். போல்ட்டுக்கு இன்னொரு நன்மை, கழற்றலாம். அது ஏன் முக்கியம் என்பது மாரி வரும்போது தெரியும்.

குழி

நான்கு மூலையையும் குறிக்க நூல் கட்டுங்கள். மூலை செங்கோணமா என்று பார்க்க, ஒரு கயிற்றில் சம தூரத்தில் 12 இடைவெளி வரும்படி முடிச்சுப் போட்டு, 3, 4, 5 என்று முக்கோணமாக இழுத்துப் பிடியுங்கள். மூன்று பேர் வேண்டும், எங்கள் வீட்டில் அம்மாவும் வந்து பிடித்தார். பிறகு இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும். 4 அடிக்கு 5 அடிச் செவ்வகத்துக்கு 6 அடி 4¾ அங்குலம் அளவில் வரும். எங்களுக்கு முதல் தடவை ஒன்றுக்கும் மற்றதுக்கும் இரண்டு அங்குலம் வித்தியாசம். ஆப்பை நகர்த்தி நகர்த்தி நான்காவது தடவையில்தான் சரிவந்தது. அந்த நேரம் பொறுமை போகும், போகட்டும், ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

மணலில் குழி வெட்டுவது கஷ்டம், வெட்ட வெட்டச் சரியும். முதல் குழி ஒரு அடி அகலத்தில் தொடங்கி மூன்றடி அகலத்தில் முடிந்தது. பக்கத்து வளவில் வேலை செய்த மேசன் சிரித்துவிட்டு வழி சொன்னார்: அடி வெட்டிய தகரப் பீப்பாயை நிறுத்தி, உள்ளே மணலை அள்ள அள்ள அதை அமத்து. மணலை முதலில் நன்றாக நனைத்தாலும் சரிவு குறையும். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையைக் குழிக்குள் இறக்க வேண்டாம். மணல் சரிந்தால் சின்னவனுக்கு அது நெஞ்சளவு.

எவ்வளவு கொங்கிறீற்று வேண்டும் என்பதைப் பிள்ளையே கணக்குப் பார்க்கட்டும். குழியின் விட்டம் 1 அடி, ஆழம் 3 அடி. கனவளவு சுமார் 2.36 கன அடி. அதில் தூண் பிடிக்கிற இடம் 0.33. மிச்சம் 2 கன அடி, நான்கு குழிக்கு 8. ஒன்று சீமெந்து, இரண்டு மணல், நாலு சல்லிக்கல் என்று கலந்தால் மணல் கல்லின் இடைவெளிக்குள் இறங்கிவிடும். அதனால் உலர்ந்த கலவை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே வேண்டும், சுமார் 12½ கன அடி. அதில் ஏழில் ஒன்று சீமெந்து. 50 கிலோப் பை ஒன்று 1¼ கன அடி. ஆக ஒன்றரைப் பைக்குக் கிட்ட. இரண்டு வாங்குங்கள். சல்லிக்கல் ஒரு வாளியில் நிறைய எடுத்து, அதற்குள் எத்தனை பேணி மணல் போகிறது என்று காட்டினால் அந்த ஒன்றரை மடங்கு ஏன் என்பது ஆறு வயதுக்கும் விளங்கும்.

மணலும் கல்லும் கடையில் வாங்குங்கள். கடற்கரை மணலை அள்ளுவது சட்டப்படி குற்றம். அதோடு அதன் உப்பு இரும்பையும் கொங்கிறீற்றையும் கெடுக்கும்.

தூணை நிறுத்தி, நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும். குறுக்குக் கம்புகளால் முண்டு கொடுத்துவிட்டுக் கொங்கிறீற்றைப் போடுங்கள். முண்டு கொடுத்த கம்பை ஏழு நாள் யாரும் தொடக்கூடாது. எங்கள் சின்னவன் மூன்றாம் நாள் ஒன்றைக் கழற்றிவிட்டான், வாள்சண்டைக்கு. நல்லகாலம், தூண் அசையவில்லை. கச்சானில் கொங்கிறீற்று வெடிக்கும், அதனால் நனைத்த சாக்கால் மூடி ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள். அது பிள்ளைகளின் வேலை. முழுப் பலம் வர 28 நாள், ஆனாலும் ஒரு கிழமைக்குப் பிறகு மேல்வேலையைத் தொடங்கலாம்.

தளமும் தடுப்பும்

நான்கு தூணிலும் ஒரே மட்டத்தில் 4 அடியைக் குறிப்பது எப்படி? நிலம் சமமில்லையே. மேசன்மார் செய்வதைப்போல, உள்ளே தெரியும் நீண்ட பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு நுனியை முதல் தூணின் குறியில் பிடித்தால் மற்ற நுனியில் தண்ணீர் நிற்கும் இடம் அதே மட்டம். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் பிழைக்கும். மகள் முதலில் நம்பவில்லை, குழாயை மரத்தைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்போதும் சரியாகத்தான் வந்தது.

நாலுக்கு ரெண்டுச் சட்டங்களைப் போல்ட்டால் இறுக்கி, மேலே ஒரு அங்குலப் பலகை அடியுங்கள். தண்ணீர் வடியப் பலகைகளுக்கு நடுவே கால் அங்குலம் விடுங்கள். தளம் ஆடினால் பயப்பட வேண்டாம், சாய்வுக்கை, அதாவது மூலைக்குக் குறுக்கே சாய்வாகப் போடும் கட்டை, போடாவிட்டால் ஆடத்தான் செய்யும். ஐஸ்பழக் குச்சி நான்கைச் சதுரமாகவும் மூன்றை முக்கோணமாகவும் குத்தூசியால் கோத்து அமத்திப் பார்க்கக் கொடுங்கள். சதுரம் சரியும், முக்கோணம் நிற்கும். பிறகு எங்கே சாய்வுக்கை வேண்டும் என்பதை அவர்களே காட்டுவார்கள்.

விட்டுக்கொடுக்கக்கூடாத இடம் தடுப்பு. உயரம் 38 அங்குலம். குறுக்குச் சலாகை வேண்டாம், அதில் ஏறுவார்கள், நிமிர்ந்த சலாகைதான். எந்த இடைவெளியும் மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் நடுவில் வரக்கூடாது. அந்த அளவில்தான் உடம்பு நுழைந்து தலை சிக்கும். ஏணிப் படி ஒரு அடிக்கு ஒன்று. வேலை முடிந்ததும் ஊஞ்சலிலும் சறுக்கிலும் ஏறும் முன் கழுத்துச் சங்கிலி, கறுப்புக் கயிறு, நாடா வைத்த சட்டை எல்லாம் கழற்ற வேண்டும் என்று சட்டம் போடுங்கள்.

வாள், ட்ரில் இரண்டும் பெரியவர் கையில். அளப்பது, குறிப்பது, அரத்தாள் தேய்ப்பது, நட்டு இறுக்குவது பிள்ளைகளிடம்.

சறுக்கும் ஊஞ்சலும்

பிளைவூட் தகடு 4 அடி அகலம், 48 அங்குலம். சறுக்கு 24, இரண்டு பக்கச் சுவர் எட்டெட்டு, மிச்சம் 8 அங்குலத்தில் ஊஞ்சல் பலகை. வாள் ஒவ்வொரு வெட்டுக்கும் கால் அங்குலத்தில் பாதி தின்னும், அதையும் கழியுங்கள். கடல் ஈரம் தாங்கும் மரைன் பிளைவூட்டே வாங்குங்கள். தகரம் மட்டும் போட வேண்டாம், மதிய வெயிலில் தோசைக்கல். திருகாணித் தலைகள் பலகைக்குள் அமிழ வேண்டும். வார்னிஷ் மூன்று தடவை.

ஊஞ்சலுக்குத் தும்புக்கயிறு பார்க்க அழகு, ஆனால் மழையில் இற்றுவிடும். மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் தடித்த நைலோன் கயிறும், அதற்கான இரும்பு வளையமும் கிடைக்கும். கயிறு நேரே மரத்தில் உராயாமல் வளையத்தில் கோக்கவும். முடிச்சை நான் போடவில்லை, கடற்தொழில் செய்கிற மச்சானைக் கூப்பிட்டேன்.

பாரம் பற்றி ஒரு வார்த்தை. 30 கிலோப் பிள்ளை சும்மா இருந்தால் 30 கிலோ. 60 பாகை உயரத்திலிருந்து ஆடி வந்தால் கீழே வரும் கணம் கயிறு உணர்வது 60 கிலோ, இரண்டு மடங்கு. அதோடு, பிள்ளைகள் தூங்கியபிறகு பெரியவர்கள் ஏறுவார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதலில் ஏறியது யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

கயிறு கட்டும் முன் அதே சட்டத்தில் ஒரு கல்லை நூலில் தொங்கவிட்டு ஊசல் பாருங்கள். 2 மீற்றர் நூல் பத்துத் தடவை போய்வர 28 செக்கன் எடுக்கும். அரை மீற்றர் நூலுக்கு 14. நாலு மடங்கு நீளத்துக்கு இரண்டு மடங்கு நேரம். கல்லை மாற்றிப் பெரிதாக்கினாலும் நேரம் மாறாது. அதில்தான் இருவரும் சண்டைபிடித்தார்கள், பாரக்கல் வேகமாக ஆடும் என்று சின்னவன் ஐந்து கல்லை மாற்றிப் பார்த்தான்.

நிலமும் டயரும்

வளவு மணல்தானே என்று விடாதீர்கள். மிதிபட்ட மணல் சீமெந்துபோல இறுகும். கோபுரத்தைச் சுற்றி 9 அங்குல ஆழத்துக்குத் தளர்ந்த மணல் வேண்டும். 4 அடியிலிருந்து விழுந்தால் தாங்க அது தேவை. மாதம் ஒருமுறை கிண்டிவிடுங்கள், பூனைகளும் உங்களுக்கு நன்றி சொல்லும், அதற்காக இரவில் ஒரு படங்கு போட்டு மூட வேண்டிவரும்.

பழைய டயர் கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் அடியில் நான்கைந்து ஓட்டை போட்டபிறகு. 2017இல் டெங்கு கிண்ணியாவை என்ன பாடுபடுத்தியது என்று இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. டயருக்குள் நின்ற மழைத்தண்ணீரில் நுளம்புக் குடம்பியைப் போத்தலில் பிடித்துப் பார்ப்பதும் ஒரு விஞ்ஞான வேலைதான். பார்த்துவிட்டுத் தண்ணீரைக் காய்ந்த மணலில் கொட்டிவிடுங்கள்.

மாரிக்கு முன்

கூரைக்குக் கிடுகு. பின்னத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அம்மம்மாவிடம் பிள்ளைகள் ஒரு பின்னேரத்தில் பழகிவிட்டார்கள், கோணலாகத்தான். ஒக்டோபர் நடுவில் கிடுகையும் சறுக்குப் பலகையையும் ஊஞ்சலையும் கழற்றி உள்ளே வையுங்கள். போல்ட் போட்டது இதற்குத்தான். 2020 டிசம்பரில் புரேவி புயல் நம் கரையால்தான் ஏறியது. அந்தக் காற்றில் கழன்ற ஒரு பலகை யார் வீட்டு ஓட்டில் விழும் என்று சொல்ல முடியாது. கழற்றிய நட்டு, வாஷர் எல்லாவற்றையும் கிறீஸ் பூசி ஒரு போத்தலில் போட்டு, எந்த மூட்டுக்கு எது என்று மகள் எழுதிய துண்டையும் உள்ளே வைத்தோம்.

தை பிறந்து மழை விட்டதும் தூக்குக்குண்டை எடுங்கள். எங்களுடையதில் கிழக்குப் பக்கத் தூண் ஒன்று கால் அங்குலம் சாய்ந்திருக்கிறது. மகள் அதைக் கொப்பியில் திகதி போட்டு எழுதியிருக்கிறாள், அடுத்த தையிலும் அளப்பதற்கு.